வேப்பிலை கட்டி வேலைக்குப் போனவள்

மதராஸ் அலுவலகத்தில் என் செய்திகளைத் திருத்துகிற உதவி ஆசிரியருக்கு என் மேல் ஒரு தீராத எரிச்சல் இருந்தது. செய்திக்குள் நான் பனியைக் கொண்டுவந்து விடுகிறேனாம். கவரைப்பேட்டை அருகே லாரி கவிழ்ந்தது என்று எழுதினால் போதும். நானோ, விடியற்காலைப் பனியில் வயல்கள் இருந்த இடம் தெரியவில்லை, லாரியின் சக்கரங்கள் மட்டும் வெளியே தெரிந்தன என்றெல்லாம் எழுதி அனுப்புவேன். அச்சில் லாரி மட்டும் வரும். ஒருமுறை நேரில் போனபோது கேட்டேவிட்டார். "பனி எல்லா ஊர்லயும்தான்யா பெய்யுது. உங்க ஊர்ப் பனியில அப்படி என்ன விசேஷம்?"

பதில் சட்டென்று வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏழெட்டு பதில்கள் தோன்றின. நான் எப்போதுமே அப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போய், பஸ்ஸில் உட்கார்ந்து வாதாடுகிற ஜாதி.

எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். அமாவாசைக்கு அமாவாசை குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். வெல்லம் கரைகிற மாதிரி நோவும் கரைந்துவிடும் என்று வருகிறவர்கள் அவர்கள். வீட்டில் எல்லாரும் பெருமாளுக்கு ஊழியம் செய்துகொண்டிருக்க, நான் மட்டும் பத்திரிகைக்கு ஊழியம் செய்யப் போனேன். அப்பா தடுக்கவில்லை. "உனக்கு எது வருமோ அதைச் செய்" என்றார். எனக்கு எதுவும் வராது என்பதை அவ்வளவு மரியாதையாக வேறு யாரும் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசியில் பெரியபாளையத்தில் ஒரு தேங்காய்க் கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் திருவள்ளூர்; அங்கே தாலுகா ஆபீஸ், கோர்ட்டு. இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி. அங்கே புதிது புதிதாகத் தொழிற்சாலைகள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டையும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் மதராஸ் போகிற ரயிலின் கார்டு கையில் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. அங்கே பத்திரிகை ஆள் வாங்கிக்கொள்வார். தந்தியெல்லாம் கொலை நடந்தால்தான்.

அதனால் வாரத்தில் பாதி நாள் நான் முதல் பஸ்ஸில் இருப்பேன். விடிந்தும் விடியாமலும் பெரியபாளையத்தில் புறப்பட்டு, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற பஸ். என் வாழ்க்கையின் நல்ல பகுதி அந்த பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் கழிந்தது என்று சொன்னால் மிகையில்லை. மடியில் பூக்கூடை வைத்திருக்கும் பெண்கள், காலுக்கடியில் கத்தரிக்காய் மூட்டை, ஜன்னல் வழியே வரும் ஏரிக் காற்று. கண்ணை மூடினால் மல்லிகை வாசம், திறந்தால் பனைமரங்கள். முதலில் அங்கே வேர்க்கடலைக் கொல்லைகள் இருந்தன. அப்புறம் ஒருநாள் சர்வே கல், இன்னொரு நாள் முள்கம்பி. பிறகு தூங்கி விழித்துப் பார்த்தால் பனைமரங்களுக்கு நடுவே இரும்புத் தூண்கள் நின்றுகொண்டிருக்கும். எதைக் கண்ணால் பார்த்தேன், எதைக் கனவில் பார்த்தேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. தூரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். பஸ்ஸில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வழியில் ஒரு ஊர் உண்டு. பெயர் வேண்டாம். அங்கே அரசமரத்தடியில் பஸ் நிற்கும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சாலையோரமாகக் காலனி. நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் குடிசைகள், முன்னால் ஒரு பெரிய வேப்பமரம், பின்னால் ஓலை வேய்ந்த சின்ன மாதா கோயில். அங்கே பஸ் நிற்காது. அடுப்பு வெளிச்சங்கள் ஜன்னலில் வரிசையாக ஓடி மறையும். அழகாக இருக்கும். அத்தனை வருஷம் அதை அழகு என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், ஒரு தொழிற்சாலைக்குச் செய்தி கேட்கப் போயிருந்தேன். கேட் சாத்தியிருந்தது. எதிரே மதகுச் சுவரின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தூக்குப் பாத்திரம் மடியில் இருந்தது. புழுதி முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அவளே கேட்டாள்.

"நீங்க பேப்பர்கார சாரு தானே? பஸ்ல தூங்கிக்கினே போவீங்களே?"

ஊருக்குள் என் புகழ் அப்படிப் பரவியிருந்தது. ஆமாம் என்றேன்.

அவள் அந்தக் காலனிக்காரி. தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் நடவும் அறுப்பும் செய்துவந்த நிலத்தைத்தான் ஊர்க்காரர்கள் விற்று, அதில் தொழிற்சாலை எழும்பியிருந்தது. புருஷனுக்கு வேலை போனது. அவனை உள்ளே எடுக்கவில்லை, இவளை எடுத்தார்கள். வீட்டில் உலை கொதிப்பது இவளால்தான்.

"சங்கு ஊதறத்துக்குள்ள கேட்டுக்குள்ள பூந்துடணும் சார். இல்லன்னா அன்னிக்கி வேல இல்ல. இன்னியோட நெறைய தபா ஆயிடுச்சி. இனிமே லேட்டா வந்தா வரவே வாணாம்னு சொல்ட்டாரு மேஸ்திரி."

"முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதானேம்மா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "எங்க ஊட்டு வாசலாண்டதான் பஸ்சு போவுது. நிக்காது. நாங்க பின்னால நடந்து ஊருக்குப் போயி, அரசமரத்தாண்ட நிக்கணும். ஊர்க்காரங்க எல்லாம் ஏறினப்புறம் நாங்க ஏறணும். அதுக்குள்ள ரைட்டுன்னு விசில் குடுத்துடுவாரு. அதே பஸ்சு எங்க ஊட்டத் தாண்டிக்கினு போவும். நான் பின்னால நடந்து வருவேன்."

இதை என்னால் பேப்பரில் போட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியிருந்தது. அன்று மத்தியானமே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு வரி பனி இல்லை. அடுப்பு வெளிச்சம் இல்லை. உதவி ஆசிரியர் எனக்குக் கோயில் கட்டுவார் என்று நினைத்தேன். வாசகர் குறைகள் பகுதியில், கழிவுநீர்க் கால்வாய்க்குக் கீழே, இரண்டு வரி வந்தது. 'பஸ் நிறுத்தம் தேவை எனக் கோரிக்கை.'

கண்டக்டர் அதைப் படித்திருந்தார். ஒல்லியான மனிதர், வெற்றிலை போடுவார், எல்லாப் பயணிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கவரைப்பேட்டை டீக்கடையில் என்னைப் பார்த்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கீறீங்க சார்."

"அங்கே நிறுத்தினால் என்ன ஆகும்?"

"ஒண்ணியும் ஆவாது."

"நிறுத்தக்கூடாது என்று பஸ் முதலாளி சொன்னாரா?"

"அவுரு இன்னாத்துக்கு சொல்றாரு? அவுருக்கு டிக்கெட்டு வந்தா சரி."

"ஊர்க்காரர்கள்?"

"அவங்களும் வாய தொறந்து சொன்னதில்ல." வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார். "நிறுத்தாதன்னு யாரும் சொல்லல சார். நிறுத்துன்னும் யாரும் சொல்லல. எனுக்கு முன்னால இருந்தவரு நிறுத்தல. நானும் நிறுத்தல. நானா ஆரம்பிச்சி எதுக்கு பேஜாரு?"

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு அயோக்கியன் இருந்தால் எழுதலாம். யாருமே சொல்லாத ஒரு உத்தரவை எப்படி எழுதுவது?

ஆடி பிறந்தது. பெரியபாளையத்தில் ஆடி பிறந்தால் என் அறையில் தூங்க முடியாது. வண்டி கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, நடந்து, எப்படியெல்லாமோ பவானி அம்மனுக்கு ஜனம் வரும். மஞ்சள் துணியும் பம்பைச் சத்தமுமாக ஊரே மயங்கிக் கிடக்கும். சேலைக்குப் பதில் வேப்பிலையை உடம்பில் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதுதான் பெரிய வேண்டுதல். வேப்பிலை கட்டியவளுக்கு எல்லாரும் வழிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவள் இன்னார் வீட்டுப் பெண் இல்லை, அம்மனுடையவள். அந்த மாதம் மட்டும் எங்கள் பக்கத்து பஸ்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கையில் வேப்பிலையோடு யார் எங்கே நின்றாலும், அது ஸ்டாப்போ இல்லையோ, டிரைவர் நிறுத்திவிடுவார். வேப்பிலையைத் தாண்டிப் போய் அம்மை கண்டவர்களின் கதைகள் டிப்போவில் நிறைய உலவின.

ஆடி முதல் வாரத்தில் நான் முதல் பஸ்ஸில் வழக்கம்போல் கண்ணயர்ந்திருந்தேன். பஸ் குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தால் காலனி வேப்பமரம் ஜன்னலில் நிற்கிறது, ஓடவில்லை. கனவு என்றுதான் நினைத்தேன். படியில் அவள் ஏறினாள். மஞ்சள் சேலை, இடுப்பைச் சுற்றி வேப்பங்கொத்து, ஒரு கையில் இன்னொரு கொத்து. மறு கையில் தூக்குப் பாத்திரம்.

கண்டக்டர் இரண்டு கையாலும் கும்பிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"எம்மா, கோயிலு அந்தப் பக்கம் கீது. இது கும்மிடிப்பூண்டி போற வண்டி."

"தெரியும்ண்ணா. கும்மிடிப்பூண்டிக்கு ஒரு டிக்கெட்டு குடு."

"வேப்பில கட்டிக்கினு எங்க போற?"

"வேலைக்கி. வேண்டிக்கினேன். இந்த வேல நிக்காம இருந்தா, ஆடி முச்சூடும் வேப்பில கட்டிக்கினு வேலைக்கி வரேன்னு பவானி அம்மாளாண்ட சொல்ட்டேன்."

ஊரில் ஏறியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டுதலுக்கு என்ன பதில் சொல்வது? இப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பூக்கூடைக்காரி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ரைட்டு குடுய்யா, நேரமாவுது" என்றார். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அந்த ஆடியைப் போல ஒரு மாதம் எனக்கு வாய்த்ததில்லை. கும்மிடிப்பூண்டியில் வேலை இல்லாத நாளிலும் முதல் பஸ்ஸில் போனேன். காலனி வேப்பமரம் வந்ததும் கண்டக்டர் நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் ஊதுவார். ஈரக் காற்றில் வேப்பிலை வாசம் பஸ் முழுக்க இருக்கும். சங்கு ஊதுவதற்கு முன்பே அவள் கேட்டுக்கு வந்து, இடுப்புக் கொத்தை அவிழ்த்து முள்வேலியில் மாட்டிவிட்டு உள்ளே போவாள். வாச்மேன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாள் போகப் போக வேலியில் காய்ந்த கொத்துகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். வெளியே வெயிலில் அந்தச் சருகுகள் சலசலக்கும். நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து அங்கே நிற்பேன்.

இதை எழுதாமல் எப்படி இருப்பது? எழுதினேன். இந்த முறை எல்லாவற்றையும் வைத்து எழுதினேன். வேலி, சருகு, கண்டக்டரின் கும்பிடு எல்லாம். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள். நடுவில் ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முடித்ததும் தலையை ஆட்டினாள்.

"வாணாம் சார்."

"ஏம்மா? நன்றாக இல்லையா?"

"நல்லாக் கீது. அதான் வாணாம். ஊருல படிப்பாங்க. படிச்சா பேசுவாங்க. பேசிக்கினா நாலு பேரு வந்து டிரைவராண்ட கேப்பாங்க. இப்போ யாரும் ஒண்ணியும் சொல்லாம இருக்காங்க இல்ல? அப்டியே இருக்கட்டும்."

கண்டக்டர் சொன்ன அதே விஷயத்தை அவள் வேறு பக்கமிருந்து சொன்னாள். யாரும் வாய் திறக்காததால்தான் பஸ் இத்தனை வருஷம் நிற்கவில்லை. இப்போது யாரும் வாய் திறக்காததால்தான் நிற்கிறது. நான் தாளைக் கிழித்து மதகுக்குக் கீழே போட்டேன். என் தொழிலில் நான் எழுதிய ஒரே நல்ல செய்தி வாய்க்காலில் போனது. வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட அவள் பஸ்ஸில் வருவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆடி முடிந்தால் என்ன செய்வாள் என்று நாட்களை எண்ண ஆரம்பித்தேன். கடைசி நாளன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளிடம் மெல்லச் சொன்னேன். "கோயில் கூட்டம் ஆவணியிலும் இருக்கும்மா. நாளைக்கும் ஒரு கொத்து கையில் வைத்துக்கொள்ளேன். யார் கேட்கப் போகிறார்கள்?"

அவள் முகம் மாறிவிட்டது. "நான் பஸ்சுக்காவ கட்னேன்னு நெனச்சிக்கினீங்களா?"



"பஸ்சுக்காவவும்தான் கட்னேன்" என்றாள் அவளே, கொஞ்சம் தணிந்து. "ஆனா சொன்னது நெஜம் சார். அம்மாளாண்ட ஆடிக்குன்னுதான் சொன்னேன். அதுக்கு மேல கட்னா பொய்யி. பொய்ய கட்டிக்கினு நான் ஏறமாட்டேன்."

"அப்போ நாளைக்கு ஊர் ஸ்டாப்புக்குப் போவாயா?"

"ஊட்டாண்டதான் நிப்பேன்."

"நிறுத்தாவிட்டால்?"

"வேல போவும்" என்றாள். தூக்குப் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டாள்.

ஆவணி முதல் நாள் நான் பஸ்ஸில் தூங்கவில்லை. டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அரசமரத்தடியில் ஊர்க்காரர்கள் ஏறினார்கள். பஸ் கிளம்பியது. காலனி வேப்பமரம் தெரிந்தது. அதனடியில் அவள். மஞ்சள் சேலை இல்லை. சாதாரண நீலப் புடவை. இலை இல்லை. கை நீட்டவும் இல்லை. சாலையோரத்தில் தன் வீட்டுக்கு முன்னால் ஒரு மனுஷி நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். டிரைவர் அவளைப் பார்த்தார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. மரம் எங்களைக் கடந்து பின்னால் போனது.

அந்த நொடியில் விசில் சத்தம் கேட்டது. நடுவில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், தலையைக்கூட நிமிர்த்தாமல் ஊதியிருந்தார். ஒரு மாதமாக அந்த இடத்தில் ஊதிப் பழகிய வாய். பஸ் நின்றது. ஆனால் மரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஓடியாம்மா! நேரமாவுது இல்ல?" என்று ஊர்க்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். அவர் திட்டவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னார்.

அவள் ஓடி வரவில்லை. நடந்தும் வரவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. நான்கு எட்டு ஓடி வந்தால் என்ன குறைந்துவிடும்? வீட்டில் உலை, உள்ளே மேஸ்திரி, ஊதப் போகிற சங்கு, எல்லாவற்றையும் ஒரு பிடிவாதத்துக்காகவா விட வேண்டும்?

டிரைவர் இன்ஜினை உறுமவிட்டார். "இன்னாய்யா, போலாமா வாணாமா?"

கண்டக்டர் அவளைப் பார்த்தார். ஊர்க்காரர்களைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோல்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் இறங்கினார். நடந்துபோய் அவளைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று, தகரத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"வரட்டும்!"

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு கியர் மாறுகிற கரகரப்பு கேட்டது.

"வரட்டும்... வரட்டும்... வரட்டும்..."

அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு பஸ் பின்னால் போனது. பூக்கூடைகள் ஆடின. படிக்கட்டு அவள் காலடிக்கு வந்து நின்றது. அப்புறம்தான் அவள் ஏறினாள்.